மண்ணெண்ணெய்க் கேனில் தண்ணீர்

பேரனின் பைக் சக்கரத்து நட்டு இறுகிக்கொண்டது. மெக்கானிக் அதில் ஏதோ ஸ்ப்ரே அடித்துவிட்டு, "பத்து நிமிசம் ஊறட்டும் ஆச்சி" என்றான். "டப்பாவுக்குள்ள சரியான மருந்துதான் இருக்கா? நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அந்த ஸ்ப்ரேயிலும் மண்ணெண்ணெய் வாடைதான்.

அப்பா தென்காசி ஸ்டேஷனில் வாடகைக் கார் ஓட்டினார். குற்றாலச் சாரலில் நனைந்து நனைந்து சக்கரத்து நட்டுகள் துருவேறிவிடும். மூக்கு நீண்ட தகரக் கேனிலிருந்து மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஒரு வெற்றிலை மென்று முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு ஸ்பானரைப் போட்டால் நட்டு இளகி வந்துவிடும்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் விளையாட்டில் அந்தக் கேனைக் கவிழ்த்துவிட்டேன். அடிக்குப் பயந்து தண்ணீரை ஊற்றி வைத்தேன். வாடை மட்டும் மிச்சமிருந்தது.

அப்பா மூன்று தடவை விட்டுப் பார்த்தார். நட்டு அசையவில்லை.

"ரயில் வந்துட்டு. இன்னும் அதக் கொஞ்சிக்கிட்டு இருக்கிய" என்றாள் அம்மா.

"ஒன்ன மாதிரியே பிடிவாதம் பிடிக்கு" என்று சிரித்துக்கொண்டே அப்பா உளியை எடுத்தார். சொல்லிவிட நினைத்தேன்; ஆனால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டாவது அடியில் இரும்புச் சில்லு தெறித்து அவர் வலது கண்ணில் பாய்ந்தது.

கண் போயிற்று. கார் ஓட்டும் வேலையும் போயிற்று. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி, பீடி சுற்ற உட்கார வைத்தார்கள். முதல் நாள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊற விட்டிருக்கணும்ட்டி. என் அவசரத்துல ஒன் படிப்பு போச்சே" என்றார்.

"பரவாயில்லப்பா" என்று சொல்லி, நான் அவரை மன்னித்தேன்.