முன்பல்லும் மூடாத சாக்கடையும்

என் ஏழு வயதுப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு சாக்கடை இருக்கிறது. மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் பூச்செடியோரம் நிறுத்திப் படம் எடுப்பார்கள், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நிறுத்தி எடுப்பார்கள். என்னை மட்டும் என் அம்மா உடைந்த சாக்கடைக் குழியின் ஓரத்தில் நிறுத்தி எடுத்தாள். அதுவும் ஏதோ ஒரு நாள் விளையாட்டுக்கு இல்லை, மாதக்கணக்கில். நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் சின்ன வயது போட்டோ கேட்டால் எதைக் காட்டுவது என்று மாமா இன்றைக்கும் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறார்.

அப்போது நாங்கள் பெங்களூரில் ஈஜிபுராவை ஒட்டி ஒரு கிராஸில் குடியிருந்தோம். இங்கே குறுக்குத் தெருவுக்குக் கிராஸ் என்றுதான் பேர். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. அப்பா கம்பெனிக்கு கேப் ஓட்டினார். அம்மா கார்மென்ட்ஸில் வேலை பார்த்தாள், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவள் நிறுத்தவில்லை என்பார் அப்பா. அம்மாவின் தம்பி, என் மாமா, ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து எங்களோடு தங்கியிருந்தார். கம்ப்யூட்டர், போன் சம்பந்தமாக அவர் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

தெருவின் ஓரமாகச் சாக்கடை ஓடும். அதன் மேல் வரிசையாகப் பாவிய கல்தான் எங்களுக்கு நடைபாதை. ஒரு நாள் தண்ணீர் டேங்கர் ஒன்று திரும்ப இடமில்லாமல் பின்சக்கரத்தை அதன் மேல் ஏற்றியதில் ஒரு கல் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. சரியாக எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று வீட்டுக்கார ஆன்ட்டி ஒரு முருங்கைக் கொம்பை வெட்டிக் குழிக்குள் நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். முருங்கை சும்மா இருக்குமா? சாக்கடைத் தண்ணீரில் அது நன்றாகத் துளிர்விட்டது. கல் போட வேண்டியவர்கள் வருவதற்குள் காயே காய்த்துவிடும் போலிருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. ஸ்கூல் ஆட்டோக்காரர் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தெரு எது, சாக்கடை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. குழி எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியுமே. கொம்பு நிற்கிற இடம் குழி. அன்றைக்குக் கொம்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கொம்பு இல்லை, ஆகவே குழியும் இல்லை என்பது என் கணக்கு.

ஒரு கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. முதுகுப்பை பக்கத்துக் கல்லில் மாட்டிக்கொண்டதால் மிச்சம் நான் மேலே நின்றேன். கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்த ஆன்ட்டி ஓடிவந்து பையோடு சேர்த்து என்னைத் தூக்கிப் போட்டார். என் புது ஷூ ஒன்று போயே போய்விட்டது. நான் அழுததெல்லாம் அந்த ஷூவுக்காகத்தான்.

ராத்திரி அம்மா வந்ததும் முதுகில் நாலு விழும் என்று காத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை. ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை உட்காரவைத்து அந்தக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஏற்கெனவே ஆன்ட்டி கழுவிவிட்டாங்கம்மா என்று சொன்னேன். காதில் வாங்கவே இல்லை.

அன்றைக்குத்தான் அப்பா அந்தப் பேச்சை எடுத்தார். "நானும் டியூட்டில இருக்கேன், நீயும் ஃபேக்டரில இருக்க. தினமும் ஆன்ட்டி துணி எடுக்க வெளிய வருவாங்களா? ஊர்ல உங்க அக்கா வீட்டுல விட்ரலாம்." அம்மா வேலையை விட்டால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் தசரா லீவுக்கு என்னைத் திருப்பத்தூரில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவானது. பெரியம்மா அந்த வாரமே எனக்கு யூனிஃபார்ம் துணி எடுத்துவிட்டதாகப் போன் பண்ணினாள். பெரியம்மா வீட்டில் டிவி பெரியது. எனக்கு அதில் ஆட்சேபணை ஒன்றும் இருக்கவில்லை.

"தசராவுக்குள்ள அந்தக் குழியை மூடிட்டா?" என்று கேட்டாள் அம்மா.

"மூடிட்டா நான் ஏன் அனுப்பப்போறேன்?" என்றார் அப்பா.

மாமா தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்திருந்தார், கண்ணாடி கீறல் விட்டது. அதில் மாநகராட்சிக்குப் புகார் அனுப்பும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்து, குழியைப் படம் எடுத்து அனுப்பவும் சொல்லிக்கொடுத்தார். சில நாளில் வேலை முடிந்தது என்று பதில் வந்தது. கூடவே புதுக்கல் பாவிய படம். அம்மா கையில் இருந்த கரண்டியோடு படியிறங்கி ஓடினாள். குழி வாயைப் பிளந்துகொண்டு அப்படியேதான் இருந்தது. திரும்பி வந்து அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். சட்டையில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கிற கண் அது. கல்லுக்குப் பின்னால் நீல கேட்டு, அதன் மேல் காகிதப்பூக் கொடி. எங்கள் கிராஸில் புல் முளைக்கவே இடம் கிடையாது.

"கம்ப்யூட்டர்ல மூடியாச்சுக்கா, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மாமா.

"அப்ப உன் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து அந்தக் குழி மேல வைடா" என்றாள் அம்மா.

மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே நீல கேட்டு வந்தது. போன் பண்ணிக் கேட்டதற்கு, நீங்கள் அனுப்பியது பழைய படம், அதற்குப் பிறகு கல் போட்டாகிவிட்டது என்றார்களாம். செவிடன் காதில் சங்கு ஊதுகிறாய் என்று மாமா சொன்னார். "ஊதுற சங்கை ஊதுவோம், விடியிறப்ப விடியட்டும்" என்றாள் அம்மா. மறுநாள் காலையிலிருந்து என் போட்டோ வைபவம் ஆரம்பமானது.

காலையில் அம்மா என் கையைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அங்கிருந்தே பஸ்ஸுக்கு ஓடுவாள். குழி வந்ததும் நிற்பாள். என்னைக் குழிக்கு இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்துவாள். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டே மறு கையால் படம் எடுப்பாள். அதனால் எல்லாப் படத்திலும் ஓரத்தில் அவள் விரல்களும் வளையலும் இருக்கும்.

அவள் எடுப்பது குழியை என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் அம்மாவுக்கு என் மேல் அவ்வளவு ஆசை, ஒரு நாள்கூட என்னைப் படம் எடுக்காமல் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. இடம்தான் கொஞ்சம் நாற்றமாக இருந்தது, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. கூடுதலாகப் பவுடர் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் இடுப்பில் கை வைத்து நின்றேன், ஒரு நாள் தலையைச் சாய்த்து நின்றேன். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்மில் நான் இன்னும் நன்றாக இருப்பேன் என்பதால் புதன்கிழமைகளில் அம்மாவும் இரண்டு படம் எடுப்பாள். என் போட்டோவை கவர்ன்மென்டுக்கு அனுப்புகிறார்கள் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். யாரும் நம்பவில்லை, பொறாமை.

நடுவில் என் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. எனக்கு மானம் போயிற்று. படத்துக்கு நிற்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்மா விடவில்லை. "ஈ காட்டு, அப்பத்தான் நல்லாருக்கும்" என்றாள். இவள் கண்ணுக்கு நான் பொக்கை வாயோடும் அழகாகத்தான் தெரிகிறேன் என்று மனம் குளிர்ந்து ஈ காட்டினேன்.

தசரா நெருங்கிவிட்டது. குழியை இன்னும் மூடவில்லை. அப்பா டிராவல் பையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார். அதைப் பார்த்ததும் அம்மா அரை நாள் லீவு போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனாள்.

அங்கே எங்களுக்கு முன்னால் வரிசை. எங்கள் முறை வந்ததும் இஞ்சினியர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "கெலசா ஆகிதெ அம்மா, வேலை முடிஞ்சுபோச்சு" என்றார். அம்மாவின் கன்னடம் பாதி தமிழ், அவருடைய தமிழ் பாதி கன்னடம். நடுவில் எங்கேயோ இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். அம்மா போனை நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "அதே மோரி, அதே பாப்பா. எல்லாம் ஒரே நாள் எடுத்த மாதிரி இதெ அல்லா? தேதி போன்ல மாத்திக்கலாம்" என்றார். மோரி என்றால் சாக்கடை.

அம்மா என் தாடையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினாள். ஈ காட்டு என்றாள். நான் காட்டினேன்.

"இந்தப் படத்துல பல்லு இருக்கு பாருங்க சார். இதுல இல்ல. இதுல பாதி வந்திருக்கு. இப்ப நேர்லயே பாருங்க. எம் பொண்ணுக்குப் பல்லு விழுந்து முளைச்சே போச்சு. உங்க கல்லு இன்னும் வரல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த ஒரு பெரியவர் குனிந்து என் பல்லைப் பார்த்து, ஆமாம், புதுப்பல்தான் என்று சாட்சி சொன்னார். இஞ்சினியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்மா நீல கேட்டுப் படத்தைக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது. யாரோ கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு உரக்கப் பேசினார். நான் ஸ்கூலில் கன்னடம் படித்தவள்தான். ஆனாலும் அதில் சில வார்த்தைகள் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்காதவை.

மறுநாள் காலையில் அவரே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். ஒரு நீளக் கம்பைக் குழிக்குள் இறக்கித் தரை தட்டுகிற வரைக்கும் விட்டு எடுத்தார். அந்த ஈரக் கம்பை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். ஈரம் என் தலைக்கு மேலே இருந்தது. எனக்கு எவ்வளவு உயரம் என்று அளக்கிறார் போலும் என்று நான் குதிகாலை எம்பி நின்றேன். அவர் கம்பைக் கீழே போட்டார். அம்மா என் கையை இன்னும் இறுக்கினாள், வளையல் அழுத்தி எனக்கு வலித்தது.

அந்த வாரமே டிராக்டரில் கல் வந்து இறங்கியது. எங்கள் கல் மட்டும் இல்லை, கிராஸ் முழுக்க விரிசல் விட்ட கல்லையெல்லாம் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். வேலை முடிந்த சாயங்காலம் அம்மாவுக்குப் போன் வந்தது. "க்ளோஸ் மாட்லா அம்மா? முடிச்சிரட்டுமா?" என்று இஞ்சினியர் கேட்டார். புகார் கொடுத்தவரைக் கேட்காமல் புகாரை மூடுவதில்லை என்று அன்றைக்கு அவர் ஆரம்பித்த வழக்கம், பிறகு எங்கள் வார்டு முழுக்க வந்துவிட்டது. ஆன்ட்டி தெருவிளக்குக்குப் புகார் கொடுத்தபோது அவரையும் கேட்டுவிட்டுத்தான் மூடினார்கள். எல்லாம் தன் ஆப்பின் மகிமை என்று மாமா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"இருங்க சார், ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அம்மா. கல்லின் மேல் ஏறினாள். ஓங்கி மிதித்தாள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க, குதித்தாள். கல் அசையவில்லை. "மாடி சார், மாடி" என்றாள், முடித்துவிடுங்கள் என்று. அப்பா என்றைக்கும் இல்லாத அதிசயமாகக் கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கிவந்தார். டிராவல் பை மறுபடி பரணுக்குப் போயிற்று. "உங்க அக்காகிட்ட அந்தத் துணியை வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்தார். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. எனக்கு மட்டும் பெரிய டிவி போனது.

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் பவுடர் போட்டுக்கொண்டு, முழுதாக வளர்ந்த பல்லோடு, வழக்கமான இடத்தில் சுவரோரம் போய் நின்றேன். அம்மா போனை எடுக்கவே இல்லை. என்ன நிற்கிறாய், நேரமாகிறது என்றாள். போட்டோ என்றேன். இனி எதற்கு போட்டோ என்றாள். அதோடு விட்டாளா? என் கையையும் விட்டுவிட்டாள். "நீயே போ. ஆட்டோ வர்ற வரைக்கும் நான் இங்கருந்தே பாத்துட்டிருக்கேன்" என்றாள். பல் முளைத்ததும் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, வேறு என்ன?

ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால், என் கோபம் அவளுக்குத் தெரியட்டும் என்று திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்தப் புதுக்கல்லின் மேல் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள். என்னைத் தலைமுழுகிவிட்டதில் இவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று, பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை நான் அழுதுகொண்டே போனேன்.