கூம்பு ஸ்பீக்கரில் கிடார்

வீட்டில் வாசிக்க எலக்ட்ரிக் கிடார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் ஒரு வரிசை சொல்வேன். முதலில் ஆம்ப்ளிஃபயர், அதுவும் சின்னது. அடுத்து கிடார். காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள் கை பழகிய பிறகு. எங்கள் வீட்டில் இந்த வரிசை கலைந்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் நான்காவது படித்தேன். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, கூட வேலை செய்த பெண்ணிடம் பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கி, உத்திரமேரூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார, கம்பியை மீட்டினாள். கொசு பறக்கிற அளவுக்குச் சத்தம் வந்தது. அப்பா அதைத் திருப்பிப் போட்டுத் தட்டிப் பார்த்தார்.

“முழுக் கட்டையா கீது. எவளோ உன் தலையில கட்டிட்டா.”

ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றாள் அக்கா. கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் சித்தப்பா உடனே எழுந்துவிட்டார். “வூட்டுலயே ஆம்ப்ளிஃபயர வச்சிக்கினு இவ கடைக்குப் போறாளாம்.” வாசலில் கூம்பு ஸ்பீக்கரை நிறுத்தி, மைக் செருகும் இடத்தில் கிடார் ஒயரைச் செருகினார்.

கூம்பு முதலில் ஊளையிட்டது, பிறகு கரகரத்தது. அன்று ஆடி ஞாயிறு. எங்கள் தெருவில் அந்தக் கரகரப்புக்கு ஒரே அர்த்தம்தான்: அம்மன் கோயிலில் கூழ் தயார். பெண்கள் சொம்பும் குண்டானுமாகக் கிளம்பிவிட்டார்கள். கோயிலில் அடுப்பே பற்றவைக்கவில்லை என்று தெரிந்ததும், சத்தம் வந்த எங்கள் வாசலுக்குத் திரும்பினார்கள்.

“கூழு எங்கடி?” என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா.

“கூழு இல்ல பெரிம்மா, கிடாரு.”

“அத்த எதுல ஊத்திக்கினு போறது?”

தெருவே சிரித்தது. அந்த வருடம் கூழ் ஊற்றும் பொறுப்பு அப்பாவுடையது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வாங்கிய இடத்திலேயே நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். அக்கா கிடாரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். உண்மையான கூழ் ஊற்றியபோது அவள் வரவில்லை.

“தனக்குன்னு அவ வாங்கனது இது ஒண்ணுதான்,” என்றாள் அம்மா. கடைசியில் அப்பா, வெளியே சத்தம் கேட்காது என்றால் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

அடுத்த வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இட்லிப் பானை அளவில் ஆம்ப் என்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். ஹெட்போன் மாட்டினால் வெளியே சத்தம் வராதாம். அது பத்து வாட்ஸ் என்றதும் சித்தப்பா முகம் விழுந்துவிட்டது. “வூட்டு பல்பே இத்தவிட ஜாஸ்திபா.” பிறகு ஒரு பெடலை மிதித்துக் காட்டினார்கள். கிடாரின் சத்தம் கரகரவென்று கிழிந்தது.

“இத்தான எங்க கூம்பு சும்மாவே குடுக்குது,” என்றார் சித்தப்பா.

அந்தக் கூழ் நாளுக்குப் பிறகு அக்கா அப்போதுதான் சிரித்தாள். பெடலை விட்டுவிட்டு ஆம்பையும் ஹெட்போனையும் வாங்கினோம்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அவள் ஹெட்போனுடன் வாசிப்பாள். எங்களுக்குக் கம்பியின் கிணுகிணுப்பு மட்டும் கேட்கும். அப்பா நாற்காலியை அந்த அறை வாசலுக்கு நகர்த்திப்போட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் ஹெட்போனைக் காணோம். அக்கா வேறு வழியில்லாமல், ஆம்பின் சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்தாள். அப்பா நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப்போட்டார்.

தொலைந்ததைத் தேடுவது வீட்டில் என் வேலை. அலமாரி, அரிசி மூட்டைச் சந்து, அழுக்குத் துணிக் கூடை என்று வரிசையாகத் தேடி, கடைசியில் அப்பாவின் வண்டி சீட்டுக்கு அடியில், துண்டில் சுற்றியிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஓடிப்போய் நீட்டினேன். அக்கா வாசித்துக்கொண்டிருந்தாள், அப்பா கண்ணை மூடியபடி நாற்காலியில் இருந்தார்.

“அது ரிப்பேருமா,” என்றார் கண்ணைத் திறந்து. “கடையில குடுக்கணும். எடுத்த எடத்துலயே வையி.”

நான் விடவில்லை. ஆம்பில் செருகி, காதில் மாட்டி, இரண்டு பக்கமும் சோதித்தேன். “நல்லாத்தான்பா கீது,” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடார் மேல் குனிந்துகொண்டாள். இவ்வளவு சரியாகச் சோதித்துக் கொடுத்தும் என்னை யாரும் ஏன் பாராட்டவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன்.