ஏழு கிலோமீட்டரில் காணாமல் போன வேகம்

2006 நவம்பர் 16, வியாழன், பகல் 12.15. விடாத தூறல். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வார்ப்புப் பட்டறை. ஏழு கிலோமீட்டர் தள்ளி எளாவூரில் கிடங்கு. இரண்டு கூரைகளிலும் ஆன்டெனா வைத்து, கம்பியில்லாமல் கணினிகளை இணைத்திருந்தோம். ஆர்டர் தரும் கம்பெனியிலிருந்து வந்து கிடங்கில் காத்திருந்த பொறியாளரிடம் ஒரு மணிக்குள் 42 வார்ப்பு வரைபடங்கள் சேராவிட்டால் ஆறு மாத ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும்.

மொத்தம் 300 மெகாபைட். கருவியின் அட்டைப்பெட்டியில் நொடிக்கு 54 மெகாபிட் என்று போட்டிருந்தது. கணக்குப்படி ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தத் தைரியத்தில் வரைபடங்களை மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் அனுப்பச் சொன்னேன்.

ஐந்து நிமிடத்தில் போனது 20 மெகாபைட். மீதிக்கு எழுபது நிமிடம் வேண்டும்.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் பழவேற்காட்டு சலீம் சிரித்தார். "இன்னா சார், அட்டைல போட்டதெல்லாம் காத்துல வருமா? தூரம் போனா கொறையும், நடுவுல மரம் நனைஞ்சா இன்னும் கொறையும். நீங்க கைல எடுத்துக்கினு நடந்தாகூட முன்னாடி பூடுவீங்க."

"அப்போ சிடியில ஏத்துப்பா," என்றேன்.

12.30க்கு ஆட்டோ ஏறினேன். சோதனைச் சாவடி லாரி வரிசையில் ஆட்டோ நின்றுவிட்டது. சிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மீதி தூரம் நனைந்தபடி ஓடினேன். 12.57க்கு, ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த பொறியாளரிடம் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் முதலில் ஒரு சிறு கோப்பை அனுப்பி, கடிகாரத்தில் வேகத்தை அளந்த பிறகே நேரம் சொல்கிறேன். அன்று ஆட்டோவுக்கு 120, சிடிக்கு 15, ஆக மொத்தம் 135 ரூபாய்.