அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிறவள் எழுத வந்திருப்பதை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தெரிந்த யாராவது இதை எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். யாரும் எழுதவில்லை. அந்த நீலத் தொப்பியோ இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் நாங்கள் வேலை பார்த்த, மாத்திரை பேக்கிங் செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அந்தத் தொப்பி கொடுப்பார்கள். முடி உதிர்ந்து மாத்திரையில் விழக்கூடாது என்பதற்காக. மெல்லிய துணி, அதன் ரப்பர் நெற்றியில் கோடு போட்டுவிடும். எங்கள் சூப்பர்வைசர் அக்கா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் வழக்கில் அவர் "நக்கோ" என்று ஒரு சொல் சொன்னால் மெஷினே நின்றுவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தோம். அவருக்கு ஒரே மகள், எட்டாம் வகுப்பு. கணவர் என்று யாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. யாராவது கேட்டால், "நானும் என் பொண்ணும்தான்" என்பார். அதற்கு மேல் கேட்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

ஊரெங்கும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டு வரி, தண்ணீர் வரி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கணினிக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் இணையப் பக்கத்தில் பிறப்புப் பதிவைப் பார்க்க யாரும் எந்த எண்ணும் அடையாளமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தேதியைப் போட்டு, ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுத்தால், அன்று பிறந்த அத்தனை குழந்தைகளும் வரிசையாக வந்துவிடும். குழந்தை, தாய், தகப்பன், முகவரி எல்லாம் அதில் இருக்கும்.

அக்கா மகளின் பள்ளியில் பிறந்தநாளன்று கலர் டிரஸ் போட்டு எல்லோருக்கும் சாக்லேட் கொடுப்பார்கள். அதனால் யார் எந்தத் தேதியில் பிறந்தார்கள் என்பது வகுப்புக்கே மனப்பாடம். ஒரு நாள் கம்ப்யூட்டர் பீரியடில் ஒரு பெண் விளையாட்டாக அந்தத் தேதிகளை இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். ஒவ்வொருத்தியின் அப்பா பெயரையும் படித்துப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அக்கா மகளின் முறை வந்தபோது தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "என்னடி, உங்க டாடி இன்னும் லோடிங்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றோடு அவளுக்கு 'லோடிங்' என்றே பெயர் விழுந்தது. அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் தெலுங்கில் சொன்னது ஒன்றுதான்: "ஏதோ ஒக பேரு பெட்டு மம்மி." ஏதாவது ஒரு பேர் போட்டுவிடு என்று.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு முனிசிபல் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். "நீ பேச வேணாம்மா, பக்கத்துல நில்லு போதும்" என்றார். ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பிய வேகத்தில் தலையில் இருந்த தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார். நான் என்னுடையதை மடித்துப் பையில் வைத்திருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்குவதற்குள் வாசலில் இருந்த பியூன், "என்னக்கா, ஆபரேஷன் நடுவுல எழுந்து வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். அக்கா தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். கழற்றவில்லை. அப்படியே உள்ளே போனார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் தருகிறேன். "வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" என்று கேட்டார்.

"வந்தா என்ன பேசுவாங்களோ அதைத்தான் நான் பேச வந்திருக்கேன் சார்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் இளகியது. "இதுக்கு ஏம்மா டென்ஷன்? ஒரு அப்ளிகேஷன் குடு. அண்ணன் பேரோ, செத்துப்போன யார் பேரோ, நான் ஏத்திடறேன். அப்புறம் யார் பார்த்தா என்ன?"

உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அக்காவின் மகள் கேட்டதும் அதைத்தான். நானும் உள்ளுக்குள் 'சரி என்று சொல்லிவிடுங்கள்' என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நக்கோ சார்" என்றார் அக்கா. "அந்த இடம் காலியா இருக்கறதுல தப்பில்ல. அது நிஜம். வர்றவன் போறவன் எல்லாம் எட்டிப் பார்க்கறதுதான் தப்பு. கதவை மூடுங்கன்னு சொல்ல வந்தேன். நீங்க என் வீட்டுக்கு வெள்ளையடிக்கறேங்கறீங்க."

"ஜனங்க வசதிக்குத்தானேம்மா ஆன்லைன் போட்டிருக்கு."

"என் பொண்ணு சர்ட்டிபிகேட் எனக்குக் கிடைச்சா அது வசதி. எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைச்சா அதுல யாருக்கு என்ன வசதி?"

மேலிடத்தில் சொல்ல வேண்டும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் அவர். "சொல்லுங்க, மறுபடி வர்றோம்" என்று எழுந்தார் அக்கா.

சாயங்காலம் அக்கா மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பேர் போடலாம் என்று அதிகாரி சொன்னதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் மெல்லத் திரும்பி, "எவரி பேரு?" என்றாள்.

"யார் பேர் வேணா போடுவாராம். நம்ம காலனி வாட்ச்மேன் பேரைக்கூட."

"சீ, அவரா?" என்றவள் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில், "வத்து மம்மி" என்றாள். வேண்டாம் என்று.

சில மாதங்கள் கழித்து அந்த இணையப் பக்கம் பதிவு எண் கேட்க ஆரம்பித்தது. எங்களால்தானா என்று தெரியாது. நாங்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தோம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். இப்போது துணிக்கடையில்கூடப் போன் நம்பர் கேட்கிறார்கள். "எதுக்கு?" என்று கேட்கிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது, ஆனாலும் கேட்கிறேன். இதை எழுதவும் இருவரிடமும் அனுமதி கேட்டேன். "பேர் போடாம எழுது" என்றார் அக்கா. மகளோ, "அந்த லோடிங்கை விட்றாதீங்க ஆன்ட்டி" என்றாள். அவளுக்கே இப்போது ஒரு மகள் இருக்கிறாள்.

அன்று, அலுவலகத்துக்கு முதல் தடவை போய் வந்த மறுநாளே, அவள் பள்ளிக்குப் போனாள். அந்த இணையப் பக்கம் அன்றும் எல்லோருக்கும் அப்படியேதான் திறந்தது. ஷிப்ட் முடிந்ததும் அக்காவும் நானும் மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனோம். அன்று நானும் தொப்பியைக் கழற்றவில்லை.