காற்றில் ஓர் இடம்

எங்கள் டவுன்ஷிப் பள்ளியில் பழம்பொருள் கண்காட்சி நடத்த வந்த தொல்லியல் ஆய்வாளர் அவர். வெயிலில் கறுத்த முகம், நகமெல்லாம் மண். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு சின்ன அளவுகோலைப் பக்கத்தில் வைக்காமல் அந்த அம்மாள் எதையும் படம் எடுக்கமாட்டார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் கான்ட்ராக்ட் வேலையில் எனக்குக் கிடைத்த மண்குடுவையை அவரிடம் கொண்டுபோனேன். பளிச்சென்று இருக்கட்டும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தேன். அவர் குடுவைக்குள் வெகுநேரம் பார்த்தார்.

“கழுவிட்டீங்களா? உள்ள ஒட்டியிருந்த மண்ண வெச்சுதாங்க, செத்தவங்களோட இதுல என்ன போட்டுப் புதைச்சாங்கன்னு கண்டுபிடிப்போம்.”

நான் தலை குனிந்தேன்.

“எவ்வளவு ஆழத்துல கிடைச்சுது? பக்கத்துல வேற எதாவது இருந்துச்சா?”

“ஒரு ஆள் ஆழம் இருக்கும் மேடம். எலும்பாட்டம் ஏதோ கெடந்துச்சு. பாத்துக்கினு இருக்கும்போதே மெஷின் அள்ளிக்கினு போயிடுச்சு. அந்த எடமே இப்ப இல்லீங்க.”

“பரவாயில்ல, வந்து காட்டுங்க.”

மறுநாள் பள்ளத்தின் விளிம்பில் நின்று கை நீட்டினேன். எதிரே வெறும் காற்று. எங்கோ அடியில் கரி தெரிந்தது. என் விரலுக்குப் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்துப் படம் எடுத்தார்.

கண்காட்சியில் குடுவைக்கு அருகே அந்தப் படத்தை வைத்து, ‘கிடைத்த இடம்’ என்று எழுதியிருந்தார்.

இப்போதும் ஷிப்டுக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்கிறேன். காற்றில் யாரோ படுத்திருப்பதுபோல் இருக்கிறது.