மூன்றாம் நம்பர் பியூஸ் கட்டை

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு மனிதரைக் கொன்றவர். இதைச் சொல்வதால் நான் எந்த ரகசியத்தையும் உடைத்துவிடவில்லை. அவரே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். "என் கையால ஒரு உயிர் போயிருக்கும்மா. அந்தப் பாரத்தைச் சுமந்துட்டுதான் நடக்குறேன்." பாரம் சுமக்கிறவர் இளைத்தல்லவா போயிருக்க வேண்டும்? அத்தானுக்குக் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அத்தான் ஒரு சலவை ஆலையில் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். ஒரு பக்கம் ஆள் உயர வாஷிங் மெஷின்கள், எதிர்ப்பக்கம் நாங்கள் இஸ்திரி போடுகிற சூடான உருளைகள். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது அத்தான்தான். அதை நான் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துவார். நாங்கள் ஈரத்தில் கால் ஊறி நிற்போம். அவர் மட்டும் மரப்பலகை போட்டு, அதன்மேல் நாற்காலி போட்டு, தன் பக்கம் ஃபேனைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். முதலாளியின் கார் சத்தம் கேட்டதும் எங்கிருந்தோ ஒரு ஈர விரிப்பு அவர் கைக்கு வந்துவிடும். கார் கிளம்பியதும் அது யார் தலையிலாவது விழும்.

ஆலையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குழாய். திறந்தால் கண்ணீர் வரும், மூடினால் நிற்கும். அந்தச் சாவுக் கதையைச் சொல்லும்போது ஒரே இடத்தில்தான் அழுவார். அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே என் அக்கா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்வாள். பாவம், அவள் நிஜமாகவே நம்பினாள். மனசு உடைந்த மனுஷன் என்று சொல்லி, அவர் கத்தினாலும் தட்டை விசிறினாலும் பொறுத்துக்கொண்டாள்.

கதை இதுதான். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் புகுந்து பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்து பார்த்தால் ஆள் இருப்பது தெரியாது. அத்தான் பட்டனை அழுத்தினார். மெஷின் ஓடியது. மெக்கானிக் செத்துப்போனார்.

எங்கள் ஆலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மெஷினுக்குள்ளேயோ பின்னாலேயோ போகிறவர், சுவரில் இருக்கும் போர்டிலிருந்து அந்த மெஷினின் பியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வெள்ளைப் பீங்கான் கட்டை, ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயின்ட்டில் மெஷின் நம்பர். கட்டை இல்லாமல் மெஷினுக்குக் கரன்ட் போகாது. போர்டில் கட்டை இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். தேடு, கூப்பிடு, காத்திரு. நேற்று வேலைக்கு வந்தவருக்குக்கூட இது தெரியும்.

"அவன் கட்டையைக் கழட்டல. போர்டுலயே இருந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்?" என்பார் அத்தான். விசாரணைக்கு வந்தவர்களும் போர்டைப் பார்த்தார்கள். கட்டை இருந்தது. மெக்கானிக்கின் அலட்சியத்தால் நேர்ந்த சாவு என்று முடித்துவிட்டார்கள்.

பிறகு கதை வளர ஆரம்பித்தது. நான் முதலில் கேட்டபோது சத்தம் கேட்டு ஓடினார். அடுத்த வருடம் மெக்கானிக்கை வெளியே இழுத்தார். அதற்கடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கடைசியாக வந்தது சட்டைப் பை. "உயிர் போகும்போதுகூட எனக்கு ஒரு நப்பாசை. கட்டையைக் கழட்டிப் பையில வெச்சிருப்பானோன்னு நானே கைவிட்டுப் பார்த்தேன். காலிப் பை!" இந்த இடத்தில்தான் குழாய் திறக்கும், கைக்குட்டை போகும்.

இதை வைத்தே ஆலையில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் வாத்தியாராகவும் ஆகிவிட்டார். வாசல் பக்கச் சுவரில் மெக்கானிக்கின் போட்டோவை மாட்டி, கீழே பெரிய எழுத்தில் 'அலட்சியத்தின் விலை' என்று எழுதி வைத்தார். கொன்றது போதாது என்று செத்தவரைத் தினம் தினம் பாடமாக வேறு நடத்தினார்.

அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. ஓய்வுக்குப் பிறகும் வாத்தியார் வேலையை நிரந்தரமாகத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு முத்தாய்ப்பாக, பிரிவு உபசார விழாவில் மெக்கானிக்கின் மனைவியை மேடைக்கு அழைத்துச் சுவர்க் கடிகாரம் கொடுக்க வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. சாவு விழுந்த வீட்டை ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவர், அழைக்கவும் தான் போகாமல் என்னை அனுப்பினார்.

அந்த அம்மாவுக்கு என் அக்கா வயதுதான் இருக்கும். வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. ஒரு மெஷின், ஒரு மேஜை, கம்பியில் தொங்கும் ஜாக்கெட்டுகள். நான் போனபோது மேஜையில் காகிதம் விரித்து அளவு வெட்டிக்கொண்டிருந்தார். காகிதம் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் கத்தரி, இன்னொரு மூலையில் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று. அதில் சிவப்பு பெயின்ட்டில் மூன்று.

எங்கள் ஆலைக் கட்டையேதான். போர்டில் எல்லாக் கட்டைக்கும் நம்பர் இருக்கும், மூன்றாம் மெஷினின் கட்டைக்கு மட்டும் இருக்காது. சேர்ந்த புதிதில் ஏன் என்று அத்தானிடம் கேட்டிருக்கிறேன். "கழுவும்போது அழிஞ்சிருக்கும், போய் வேலையைப் பாரு" என்றார். கரன்ட் போர்டை எவர் கழுவுவார்?

"அக்கா, இது ஏது உங்களுக்கு?"

"இதுவா? அவரு சட்டைப் பையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில துணியைச் சுருட்டிக் குடுத்தாங்கல்ல, அதுக்குள்ள. என்ன சாமான்னே தெரியல. அவரு பொருளாச்சே, தூக்கிப் போட மனசு வரல. ஏன்மா, முகம் ஏன் இப்படிப் போச்சு?"

சொன்னேன். கட்டை என்றால் என்ன, அது யார் பையில் இருக்க வேண்டும், போர்டில் இருந்த கட்டையை யார் சொருகியிருப்பார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப அவரு ஒழுங்காத்தான் கழட்டியிருக்காரு?"

"ஒழுங்காத்தான் கழட்டியிருக்காருக்கா."

"அலட்சியமா செத்துட்டாருன்னு கம்பெனில வந்து சொன்னாங்க. இத்தனை வருஷமும் அவரைத் திட்டிட்டுதான்மா இருக்கேன். பாவி மனுஷா, ஒரு நிமிஷம் பொண்டாட்டி புள்ளைய நெனச்சியான்னு. மககிட்டயும் அதையேதான் சொல்லி வளர்த்தேன்." முந்தானையால் கட்டையைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "விழா எப்போ?"

"நாளைக்கு மத்தியானம்."

"வர்றேன்னு சொல்லு."

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்காவை நினைத்துக்கொண்டேன். அவளிடம் முன்கூட்டிச் சொல்லலாமா? சொன்னால் அவள் முகமே அவரிடம் சொல்லிவிடும். குழாய் உடனே விழித்துக்கொண்டு புதுக்கதை கட்டிவிடும். வாயை மூடிக்கொண்டேன். இனி பேசுவது அந்த அம்மாவுடைய முறை.

மறுநாள் மெஷின்களை நிறுத்திவிட்டு, மூட்டைகள் வைக்கும் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மெக்கானிக்கின் மனைவி வாசல் பக்கச் சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். போட்டோவைப் பார்த்தார், கீழே எழுதியிருந்ததைப் படித்தார், வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அத்தான் புதுச் சட்டையில் பளபளத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். சத்தம் கேட்டது, ஓடினார், இழுத்தார், மடியில் போட்டார். அக்கா கைப்பையைத் திறந்தாள்.

"இதோ, இந்தக் கையாலதான் அவன் பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி!"

குழாய் திறந்தது. மெக்கானிக்கின் மனைவி எழுந்து போய், கடிகாரம் வைத்திருந்த மேஜையில் பீங்கான் கட்டையை டக்கென்று வைத்தார். சிவப்பு மூன்று எல்லோருக்கும் தெரியும்படி.

அத்தான் அதைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் இருந்தது, வாய் மட்டும் திறந்தபடி நின்றது. "இது... எங்க இருந்து வந்துச்சு?"

"நீங்க கைவிட்டுப் பார்த்த பையில இருந்து."

சலவைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பி, சுவரில் நம்பர் இல்லாத அந்தக் கட்டையைப் பார்த்தன. பாய்லர் பார்க்கும் பெரியவர் எழுந்து நின்றார். "போர்டு காலியா இருந்துச்சா? காலின்னு தெரிஞ்சே வேற கட்டையைச் சொருகினியா?"

மறுக்கவாவது செய்வார் என்று நினைத்தேன். பொய்யிலே ஊறிய ஆளாச்சே. அந்தக் கெட்டிக்காரத்தனம்கூட அவருக்கு இல்லை. "விரிப்பு ஏத்த வந்த ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல ஹாரன் அடிச்சிட்டே நிக்குது. முதலாளி ரெண்டு தடவை கேட்டுட்டாரு. கூப்பிட்டுப் பார்க்கலாம்னுதான் இருந்தேன்..." என்று முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அப்போதும் அவருக்கு முதலாளியின் முகம்தான் தெரிந்தது. முதலாளி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடமாக நான் அவரைக் கொலைகாரன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அது அவருக்குக் கொடுத்த மரியாதை என்று அன்றுதான் தெரிந்தது. செத்தவரின் பையில் நிஜமாகவே கைவிட்டிருந்தால் கட்டையை எடுத்து ஒளித்திருக்கலாம், தப்பித்திருக்கலாம். பிணத்தின் அருகில் போகக்கூடப் பயந்துகொண்டு பலகை மேல் நின்றிருக்கிறார்.

இப்போது நிஜமாகவே அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழக்கதோஷத்தில் அக்கா பக்கம் கையை நீட்டினார். அக்கா கைக்குட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மெக்கானிக்கின் மனைவி வாசல் பக்கச் சுவருக்குப் போனார். பாய்லர்க்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். போட்டோவைக் கழற்றி, தூசியை முந்தானையால் துடைத்து, முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார். "இனிமே உங்களைத் திட்ட மாட்டேன்."