மருந்து கொழும்பில்தான் இருக்கிறதாம்

தீபாவளியன்று காலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். தூரம் ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர். எங்கள் மாயவரத்திலிருந்து வைத்தீசுவரன் கோயிலுக்குப் போகிற தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தை இளமையில் நடந்தே பலமுறை கடந்திருக்கிறேன். கொழும்பில் அது என் பகற்பொழுதை விழுங்கிற்று.

போர் நடக்கும் நாட்டுக்கு இந்த வயதில் எதற்கு வந்தேன் என்று வாசகர் கேட்பர். சிறுவர்களுக்குப் பண்ணிசை கற்பிக்க ஓர் அன்பர் குழு அழைத்தது. அழைத்தது ஈசன் என்று எண்ணி வந்தேன். தங்கும் அனுமதியை நீட்டிப்பதற்காக வாங்கிய கடவுச்சீட்டைக் குடிவரவு அலுவலகத்தார் திருப்பித் தரவில்லை. "அடுத்த கிழமை வாங்கோ" என்ற மறுமொழியைக் கேட்டுக் கேட்டு ஆடியும் ஆவணியும் போயின. இப்படியாக என் இரண்டாவது தீபாவளியும் மனைவி மக்களை விட்டு இங்கேயே வாய்த்தது.

வைகறையில் எண்ணெய் தேய்த்து நீராடி, கோயிலுக்குப் போய்த் திரும்பினேன். வீட்டுக்கார அம்மா யோகேசுவரி வாசலிலேயே காத்திருந்தார். யாழ்ப்பாணத்தவர். கணவர் ஜெர்மனியில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர விசாவுக்காகக் கொழும்பில் காத்திருப்பவர். மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்.

"ஐயா, உங்கட மனிசி ஊரிலயிருந்து கோல் எடுத்தவ. அவவுக்குக் கடும் வருத்தமாம்" என்றார்.

இந்த நாட்டுத் தமிழில் வருத்தம் என்றால் நோய். வந்த புதிதில், வருத்தம் என்று வகுப்புக்கு வராத ஒரு மாணவியின் வீட்டுக்குப் போய், மனத்துயரை வெல்லும் வழியைப் பற்றி நெடுநேரம் பேசினேன். பிள்ளைக்கு அம்மை வார்த்திருந்தது. அன்று பட்ட வெட்கத்தில் அந்தச் சொல்லை நன்றாகக் கற்றுக்கொண்டேன். ஆகவே, அம்மா சொன்னதும் நோய் என்றே எடுத்துக்கொண்டேன்.

என்ன நோய் என்று கேட்டீர்களா என்றேன். "கேட்டனான். 'அது ரொம்ப நாளா இருக்கு, அவருக்கே தெரியும்' எண்டு சொன்னவ. மருந்து எடுத்தனீங்களோ எண்டும் கேட்டனான். மருந்து இஞ்ச கொழும்பிலதான் இருக்காம். என்ன மருந்தெண்டு கேட்க முந்தி லைன் அறுந்திட்டுது."

என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. அதுவாக இருக்குமோ? வைத்தியநாதன் உறைகிற தலத்துக்கு அருகிலேயே வாழ்பவளுக்குக் கிடைக்காத மருந்து, சவர்க்காரம் வாங்கப் போனாலும் சோதனை வரிசையில் நிற்க நேர்கிற இந்த ஊரில் எங்கிருந்து வரும்?

வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டுக்கு அழைக்கும் வசதியில்லை. அஞ்சலகத்துக்கு விடுமுறை. காலி வீதி எனப்படும் பெருந்தெருவில் தமிழர் நடத்தும் தொலைபேசிக் கடைகள் பண்டிகையென்று மூடிக்கிடந்தன. திறந்திருந்த ஒரு கடையில் இந்தியாவுக்கு இணைப்பில்லை. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கர் கடைகள் திறந்திருக்கும் என்றார் அம்மா. பேருந்தில் ஏறினேன்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை உள்ளவர்கள் மீண்டும் ஏறிக்கொண்டார்கள். என் கையில் கடவுச்சீட்டின் நகல் மட்டுமே இருந்தது. சிப்பாய் நகலைப் பார்த்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். மறுபடி நகலைப் பார்த்தார். பேருந்து போய்விட்டது. ஊர் ஊராக நடந்து பதிகம் பாடிய அடியார்கள் ஆற்று வெள்ளத்தைக் கடந்திருக்கிறார்கள், அடைத்த கதவைத் திறந்திருக்கிறார்கள். நகல் செல்லாது என்று எவரும் அவர்களை வழியில் நிறுத்தியதில்லை. அந்த வகையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அருகில் நின்ற ஆட்டோக்காரர் நிசாம் தாமாகவே வந்து விசாரித்தார். கொழும்பின் கிராண்ட்பாஸ் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம். செய்தியைச் சொன்னேன். அவர் சிப்பாயிடம் சிங்களத்தில் என்னவோ பேசினார். "நோனாட்ட அசனீபலு" என்பது மட்டும் காதில் விழுந்தது. அவர்கள் மொழியில் நோனா என்றால் வீட்டம்மா, அசனீப என்றால் நோய். சிப்பாயின் முகம் இளகிற்று. நகலை இரு கைகளாலும் நீட்டினார். தம் தாய்க்கும் உடல்நலமில்லை என்றாராம்.

கொட்டாஞ்சேனைக்கு நிசாம் இருநூறு ரூபாய் கேட்டார். நூற்றெண்பதுக்கு இசைந்தார். வழியெல்லாம் பேச்சு. "இந்தியாவுல சண்டையுமில்ல, செக்பொயிண்டுமில்ல. ஈக்கிற எடத்துல ஈக்காம இங்க வந்து மாட்டிக்கிட்டீங்களே" என்றார். இருக்கிற என்பதை அவர்கள் ஈக்கிற என்பார்கள். பாடுவதற்கு வந்தேன் என்றேன். "அங்க பாட ஏலாதா?" என்றார். இந்த வினாவை என் மனைவியும் கேட்டிருக்கிறாள்.

கோட்டைப் பகுதியைச் சுற்றிப் பாதை அடைப்பு. இன்னும் இரண்டு சாவடிகள். இரண்டிலும் நிசாம் என் மனைவியின் நோயைச் சொல்லியே வழி வாங்கினார். மூன்றாவது முறை சொல்லும்போது அவள் பிழைப்பாளா என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. இடர் களையும் பதிகம் ஒன்றை உதட்டுக்குள் ஓதிக்கொண்டு போனேன். அதன் நடுவில், கடவுச்சீட்டு இல்லாமல் விமானத்தில் எப்படி ஏறுவது என்ற கேள்வி வந்து வந்து தாளத்தைக் கெடுத்தது.

நடுப்பகலில் தேவாலய மணி ஒலிக்கும்போது கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். கடைக்காரர் சூசை நிமிடத்துக்குத் தொண்ணூறு ரூபாய் என்றார். பலமுறை சுழற்றினார். "லைன் பிசி ஐயா. உங்கட ஊர்ல எல்லாரும் இண்டைக்குத்தான் கதைக்கிறாங்க போல" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். கடைசியில் மணி அடித்தது. எடுத்தவள் அவளேதான்.

"உடம்புக்கு என்ன?" என்றேன்.

"யாருக்கு? எனக்கா? நல்லாத்தான் இருக்கேன். ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"கடும் வருத்தம் என்று சொன்னாயாமே."

"ஆமாம், வருத்தந்தான். போன தீபாவளிக்கும் வரலை, இதுக்கும் வரலை. உங்க இலையில அதிரசத்தை வெச்சுட்டு, காக்கா மாதிரி நானே எடுத்துத் தின்னேன். வருத்தப்படாம சிரிக்கவா சொல்றீங்க?"

கடவுளே என்றேன். இந்த ஒரு சொல்லுக்காகவா மூன்று சாவடி, நூற்றெண்பது ரூபாய், மூன்று சிப்பாய்களிடம் பொய்! சினம் தலைக்கேறிற்று. மருந்து என்றாயே, அது என்ன கூத்து என்றேன்.

"அந்தம்மா மருந்து எடுத்தீங்களான்னு கேட்டாங்க. நல்லாத் தமாஷ் பண்றாங்கன்னு நெனச்சேன். இதுக்கு மருந்து அங்க கொழும்புலதாங்க இருக்கு, நீங்கதான் அனுப்பிவைக்கணும்னு சொன்னேன்."

எந்த மருந்து என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐம்பது ஆண்டுகளாகப் பிரிவைப் பாடுகிற பாடல்களைப் பொருள் விரித்துச் சொல்லிக் காசு வாங்குபவன் நான். சூசை கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடம் ஓடியது. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பிறகு இணைப்பு தானாகவே அறுந்தது. சூசை கடைசி நிமிடத்துக்குக் காசு வேண்டாம் என்றார்.

வாசலில் காத்திருந்த நிசாம், "வருத்தம் எப்படி?" என்றார். ஒரே சொல்லை ஒரு நாளில் எத்தனை பேருக்கு விளக்குவது? அப்படியே இருக்கிறது என்றேன். அவர் திரும்பும் வாடகையில் முப்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். அதை மறுக்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளவத்தையை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யோகேசுவரி அம்மா விளக்கேற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் சாப்பிடவில்லையென்று அவரும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

"மருந்து கிடைச்சதோ, ஐயா?"

"கிடைத்தது, அம்மா. ஆனால் மருந்துக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, அந்த வருத்தமோ" என்றார். "அது எனக்கு அஞ்சு வருசமா இருக்குது. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."